இந்த வயசுல என்ன கோச்சிங்?



போன மாதம் எங்கள் பத்திரிகைக்கு வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருக்கிறேன். நீல நிற இன்லேண்ட் லெட்டர். மடிக்கும் ஓரத்தைக்கூட விட்டுவைக்காமல், ஒரே சீரான கையெழுத்து. எழுதியவர் கும்பகோணம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் 36 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெயர் மட்டும் வேண்டாம், விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள் என்று போனில் அனுமதி கொடுத்தார்.

ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து நடந்ததை அவர் பேரேட்டில் வரவு வைப்பதுபோல வரிசையாக எழுதியிருந்தார். காலை ஒன்பதே கால் ஆனால் கை தானாகச் சட்டைப் பித்தானைப் போடுகிறது. போட்டு முடித்த பிறகுதான் போக இடமில்லை என்று உறைக்கிறது. இரண்டாவது வாரம் சமையலறைக்குள் நுழைந்தார். அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்களுக்கு லேபிள் ஒட்டினார். மளிகைச் சாமானுக்கு ஸ்டாக் ரிஜிஸ்டர் போட்டார். உளுத்தம்பருப்பு எப்படி ஒரே வாரத்தில் அரைக் கிலோ குறைந்தது என்று கேட்டார். மூன்றாவது வாரம் அவர் மனைவி பெங்களூரில் இருக்கும் மகளுக்கு போன் போட்டு, "உங்கப்பாவ எங்கயாச்சும் வேலைக்குச் சேத்து விடுடி" என்றாராம்.

மகள் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறார். தன் ஆபீசில் பழகிய வழியில் யோசித்து, அப்பாவுக்கு ஒரு 'கோச்' ஏற்பாடு செய்துவிட்டார். வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு, வீடியோவில், ஒரு மணி நேரம். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும் சிக்னல் சரியில்லை என்று சொல்லி விடுகிறாராம்.

"பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார். கோச்சிங்கில் சேர்ந்திருக்கிறேன் என்றேன். 'இந்த வயசுல என்ன சார் பரீட்சை?' என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள், இது என்ன?" என்று கடிதத்தை முடித்திருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்குக் கோச்சிங் என்றால் டி.என்.பி.எஸ்.சி., நீட். கோச் என்றால் விசிலும் தொப்பியுமாக மைதான ஓரத்தில் நிற்பவர். அதற்கும் முன்னால், ரயில் பெட்டி. 'எஸ் 7 கோச் எங்க நிக்கும்?' என்று போர்ட்டரிடம் கேட்டுக்கொண்டு பெட்டியும் படுக்கையுமாக ஓடாதவர் யார்? வேடிக்கை என்னவென்றால், மூன்றிலும் அந்த ரயில் பெட்டிதான் சொல்லின் பூர்வீகத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. ஹங்கேரியில் கோச் என்றே ஒரு கிராமம் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்க, ஊர்ப் பெயரே வண்டிக்கு ஆகிவந்தது. நம் ஊரில் பத்தமடை என்றால் பாயும், திண்டுக்கல் என்றால் பூட்டும் நினைவுக்கு வருகிற மாதிரி. 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சையில் தங்களைக் கரை சேர்க்கும் தனி வாத்தியாரைக் கிண்டலாக 'கோச்' என்று கூப்பிட்டார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், கொண்டுபோய் விட்டுவிடுவார். அங்கிருந்துதான் சொல் மைதானத்துக்குப் போனது. ஆக, பரீட்சையா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரித்திர ஞானம் இருக்கிறது. ஒரு 190 வருடம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

வேலைக்கும் வாழ்க்கைக்கும் கோச் என்று ஒருவர் வந்தது டென்னிஸ் மைதானம் வழியாக. திமோத்தி கால்வே என்பவர் ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணிக்குத் தலைவராக இருந்தவர்; பிறகு கலிஃபோர்னியாவில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார். 'மட்டையை இப்படிப் பிடி, முழங்கையை மடக்காதே' என்று அவர் சொல்லச் சொல்ல மாணவர்களின் உடம்பு விறைத்துப்போனது. வாயை மூடிக்கொண்டு, 'பந்து எங்கே குதிக்கிறது என்று மட்டும் பார்' என்றபோது ஆட்டம் தானாகச் சரியானது. இதை அவர் 1974-இல் 'தி இன்னர் கேம் ஆஃப் டென்னிஸ்' என்று புத்தகமாக எழுத, டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத கம்பெனி அதிகாரிகளும் வாங்கிப் படித்தார்கள். இங்கிலாந்தில் ஜான் விட்மோர் என்ற பழைய கார் பந்தய வீரர் இதைப் பிடித்துக்கொண்டார். எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறாய் என்று கேள்விகளை அடுக்கும் 'குரோ' முறை, 1992-இல் வந்த அவர் புத்தகத்தால் ஊரெல்லாம் பரவியது. இன்று எந்த கோச்சிடம் போனாலும் ஏதோ ஒரு வடிவில் இந்த நான்கு கேள்விகளும் வந்துவிடும்.

இதெல்லாம் சரி, நம் தொழில் நமக்குத் தெரியாதா, இன்னொருவர் வந்து என்ன பார்த்துவிடப் போகிறார் என்று எனக்கும் தோன்றியதுண்டு. டாக்டர் அதுல் கவாண்டே 2011-இல் நியூயார்க்கர் பத்திரிகையில் எழுதியதைப் படித்த பிறகுதான் வாயை மூடினேன். இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன டாக்டர் தம்பதியின் மகன், தேர்ந்த சர்ஜன். கையில் எட்டு வருட அனுபவம். இனி முன்னேறப் போவதில்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டதாக உணர்ந்தவர், தனக்குப் பாடம் சொன்ன, ஓய்வு பெற்ற சர்ஜன் ராபர்ட் ஆஸ்டீனை ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்து ஓரமாக நின்று பார்க்கச் சொன்னார். தைராய்டு ஆபரேஷன். கச்சிதமாக முடிந்தது என்ற திருப்தியோடு வெளியே வந்தால், பெரியவர் கையில் குறிப்பு எழுதிய தாள். விளக்கு மெல்ல நகர்ந்து காயத்தை விட்டு விலகிவிட்டது. ஏறக்குறைய அரை மணி நேரம், சுற்றிலும் பட்டுத் தெறித்த வெளிச்சத்திலேயே அறுத்திருக்கிறாய். அடிக்கடி உன் முழங்கை தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொள்கிறது. அப்படி நின்றால் கைக்குத் துல்லியம் வராது. இப்படிச் சின்னச் சின்னதாக. விளக்கு விலகியதை அந்த அறையில் வேறு ஒருவருமே கவனிக்கவில்லை. எல்லார் கையிலும் வேலை இருந்தது. ஆஸ்டீன் ஒருவருக்குத்தான் வேலை இல்லை.

செஸ்ஸிலும் இப்படி ஓரமாக நின்றவர் ஒருவர் உண்டு. சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனபோது 18 வயது. காய் நகர்த்தலுக்கு உதவ ஒரு பெரிய குழுவே இருந்தது. அந்தக் கூட்டத்தில் பாடி அப்டன் என்ற தென்னாப்பிரிக்கரும் இருந்தார். 2011-இல் தோனி அணி கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றபோது மனப் பயிற்சியாளராக உடன் இருந்தவர். செஸ் பலகையில் அவர் குகேஷுக்குச் சொல்லித்தர ஒன்றும் கிடையாது. ஆனால் 11-ஆவது ஆட்டத்தை வென்று முன்னிலைக்கு வந்த பையன், மறுநாளே 12-ஆவது ஆட்டத்தில் தோற்றான். அன்றைக்கு ராத்திரி ஹோட்டல் அறையில் எப்படித் தூங்குவது என்பது எந்த ஓப்பனிங் புத்தகத்திலும் இருக்காது.

சரி, என் கதைக்கு வருகிறேன். இதை நான் இதுவரை எழுதியதில்லை.

இந்த ஆசிரியர் நாற்காலியில் உட்காரும் முன் 22 வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். சிவப்புப் பேனாதான் என் கை. ஆசிரியரான பிறகும் பேனா இறங்கவில்லை. 96 பக்கத்தையும் நானே வரி வரியாகப் பார்ப்பேன். அச்சுக்குப் போகிற நாளில் ராத்திரி பதினொன்றுக்கு லே-அவுட் தம்பி கொட்டாவி விட்டபடி என் பின்னால் நிற்பார். வீட்டில் என் பையன் என்னோடு பேச வேண்டியதை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்திருந்தான். ஒரு நாள் எங்கள் பதிப்பாளர் கூப்பிட்டு, "ஒருத்தர்கிட்ட நாலு தடவை பேசிப் பாருங்கம்மா. காசு ஆபீஸ் கொடுக்கும்" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. என்னிடம் குறை கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்படி நான் போய்ப் பேசிய அம்மா கோயம்புத்தூர்க்காரர். ஒரு மில்லில் பர்சனல் ஆபீசராக இருந்துவிட்டு, 50 வயதுக்கு மேல் முறைப்படி பயிற்சி எடுத்து கோச் ஆனவர். பத்திரிகைத் தொழில் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முதலிலேயே அதைச் சொல்லிவிட்டார். நான் குறைப் பட்டியலோடு போயிருந்தேன். ஆள் பற்றாக்குறை, காகித விலை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சந்தி தெரியவில்லை. முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு கேள்வி.

"நீங்க கை வைக்காம அச்சுக்கு அனுப்புன கடைசிக் கட்டுரை எதுங்க?"

சிரித்தேன். "அப்படி ஒண்ணும் இல்லீங்களே."

"சரிங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை. நான் நோட்டுப் புத்தகத்தின் விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். ஃபேன் சத்தம் கேட்டது. நம் ஊரில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இத்தனை நேரம் பேசாமல் இருந்தால் ஏதோ சாவு விழுந்துவிட்டது என்று அர்த்தம். பாதி ஸ்டிக்கர் உரிந்திருக்கும், நானே சொன்னேன். "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு இருக்கா. சேர்ந்த புதுசுல ஒவ்வொரு கட்டுரைக்கும் மூணு தலைப்பு எழுதிட்டு வருவா. இப்பல்லாம் தலைப்பு இருக்க வேண்டிய எடத்துல 'அக்கா வச்சுப்பாங்க'ன்னு எழுதி அனுப்புறா. சோம்பேறித்தனம்னு நெனச்சேன்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. தொண்டை அடைத்தது. "இப்ப நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"நான் சொன்னா அதையும் திருத்துவீங்க" என்றார் அந்த அம்மா. "நீங்களே சொல்லுங்க. அடுத்த முறை வாரப்ப என்ன ஆச்சுன்னு மட்டும் கேக்கறேன்."

மாதம் ஒரு கட்டுரையை நான் கண்ணால்கூடப் பார்க்காமல் விடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். எங்கள் ஆபீசில் அந்தப் பக்கத்துக்கு 'அக்கா லீவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்ட என் சின்னம்மா, "இதுக்கு எதுக்குடி காசு? எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்க சொல்ல மாட்டமா?" என்றார். சொல்லியிருப்பார்கள். அதுதான் சங்கடமே. நமக்குப் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வேலையை விடலாமா என்று வாயெடுத்தால் போதும். பெரியப்பா, தாய்மாமன், மாடி வீட்டு அங்கிள், ஆட்டோக்காரர் வரை தீர்ப்பு தயார். அத்தனை பேரும் நல்லவர்கள்தான். ஆனால் அத்தனை பேருக்கும் நம் முடிவில் ஒரு பங்கு இருக்கிறது. வேலையை விட்டால் வீட்டுக் கடன் தவணை என்ன ஆகும் என்று கணவருக்குப் பயம். ஊரை விட்டுப் போனால் தன்னை யார் பார்ப்பார்கள் என்று அம்மாவுக்குக் கவலை. அவர்கள் சொல்லும் யோசனையில் அந்தப் பயமும் கரைந்திருக்கும். பாலில் சேர்ந்த தண்ணீர் மாதிரி, கண்ணுக்குத் தெரியாது. நாம் போனாலும் இருந்தாலும் தன் மதியச் சாப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லாத ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேசுவது வேறு அனுபவம்.

கும்பகோணத்து வாசகருக்கு இதைத்தான் போனில் சொன்னேன். அவர் இன்னொரு விஷயம் சொன்னார். அவருடைய கோச் மூன்றாவது வாரம், "வேலையில எதை சார் நிஜமா தேடறீங்க? வேலையையா, ஒன்பதே கால் மணியையா?" என்று கேட்டாராம். இவருக்குப் பதில் வரவில்லை. குடியானவக் குடும்பம், சின்ன வயதில் நாற்றுக் கட்டு சுமந்தவர். பதிலுக்குப் பதிலாக நாற்று ஞாபகம் வந்திருக்கிறது. நாற்றங்காலில் பச்சைப் பசேல் என்று நின்ற பயிரைப் பறித்து வயலில் நட்டால், முதல் சில நாட்கள் வெளிறி, தலை சாய்ந்து நிற்கும். தெரியாதவன் பார்த்தால் செத்துவிட்டது என்பான். வேர் பிடித்த பிறகுதான் பச்சை திரும்பும். "அதுவரைக்கும் வயல்ல எறங்கி இழுத்து இழுத்துப் பார்க்கக்கூடாதும்மா. எங்க அப்பா திட்டுவாரு. நான் அதைத்தான் பண்ணிட்டிருந்தேன்போல இருக்கு" என்றார்.

வில்லியம் பிரிட்ஜஸ் என்ற அமெரிக்கர் 'ட்ரான்சிஷன்ஸ்' என்று 1980-இல் ஒரு புத்தகம் போட்டார். மாற்றம் வேறு, மனசு இடம்பெயர்வது வேறு என்பது அவர் கட்சி. வேலை 30-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு மாலை, பொன்னாடையோடு முடிந்துவிடுகிறது. மனசு முடிக்க மாதக் கணக்கில் ஆகிறது. முதலில் ஒரு முடிவு, கடைசியில் ஒரு தொடக்கம், நடுவில் இரண்டிலும் சேராத ஒரு வெறுங்காலம் என்று மூன்றாகப் பிரித்தார். அந்த நடுக்காலத்தில்தான் ஆள் தடுமாறுகிறார். நம் வாசகர் வயலில் பார்த்ததும் அந்த நடுக்காலத்தைத்தான்.

இந்தத் தடுமாற்றம் கெட்டது நடந்தால் மட்டும் வருவதில்லை. ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மார்க் போட்டார்கள். கணவனையோ மனைவியையோ இழப்பது 100. வேலை பறிபோவது 47. ஓய்வு பெறுவது 45. கல்யாணம் 50! வேலை போவதைவிடக் கல்யாணம் அதிகம் என்று பார்த்ததும் எங்கள் அலுவலக ஆண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். அதை நான் குறித்து வைத்திருக்கிறேன். நடுக்காலத்தில் நிற்பவரை ஊரும் சும்மா விடுவதில்லை. துபாயில் 20 வருடம் இருந்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியவரிடம் தெருவில் எல்லாரும் கேட்பது, "எப்ப திரும்பிப் போறீங்க?" பிள்ளைகளை வளர்க்கப் பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடும் பெண்ணிடம் இன்டர்வியூவில் கேட்பது, "இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?" தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2020-இல் 58 வயது 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. விடைபெறும் நாளுக்கு அரசாணை உண்டு. அதற்கடுத்த திங்கட்கிழமைக்கு ஒரு சர்க்குலர்கூடக் கிடையாது.

இவ்வளவும் எழுதிவிட்டு, எல்லாரும் போய் கோச்சைப் பிடியுங்கள் என்று சொன்னதாக ஆகிவிடக்கூடாது. இந்தியாவில் யார் வேண்டுமானாலும் பெயர்ப் பலகையில் 'லைஃப் கோச்' என்று எழுதிக்கொள்ளலாம். உரிமம் எதுவும் தேவையில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்புக்குப் போய், திங்கட்கிழமை ரீல்ஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மேடையில் கை தட்டச் சொல்லி, "முடியும், முடியும்" என்று கத்தவைத்து, வெளியே வரும்போது அடுத்த வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்வது வேறு வியாபாரம். எனக்கு அதில் மரியாதை இல்லை. அமெரிக்காவில் நிதி ஆலோசகராக இருந்து கோச் ஆன தாமஸ் லெனார்ட் 1995-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். என்ற சர்வதேச அமைப்பு மூன்று நிலையில் சான்று தருகிறது. படிப்போடு, ஆட்களோடு உட்கார்ந்து பேசிய நேரத்தையும் கணக்குக் காட்ட வேண்டும். முதல் நிலைக்கே 100 மணி நேரம், அடுத்ததற்கு 500, உச்ச நிலைக்கு 2,500. சான்று இருந்தாலே நல்லவர் என்று ஆகிவிடாது, ஆனால் "எத்தனை மணி நேரம் செஞ்சிருக்கீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் முகம் மாறுகிறவரை விட்டுவிடலாம். பலர் முதல் பேச்சுக்குக் காசு வாங்குவதில்லை. அதிலேயே தெரிந்துவிடும், யார் அதிகம் பேசுகிறார் என்று. ஆபீஸ் காசு கொடுத்தால், நீங்கள் பேசுவதில் எது ஆபீசுக்குப் போகும், எது போகாது என்பதை முதல் நாளே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன். "நீங்க வந்தீங்களா, வரலையான்னு மட்டும் சொல்லுவேன்" என்றார் அந்த அம்மா.

வாரக் கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கு உயிரோடு இருக்கிறோம் என்று தோன்றுகிறது என்றால் அது கோச் கையில் இருக்க வேண்டிய விஷயமே இல்லை. டாக்டரிடம் போக வேண்டியது. நல்ல கோச் தானே அனுப்பிவைப்பார். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் இதையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கட்டணம் பலருக்குக் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை. ஒரு மணி நேரத்துக்குச் சில ஆயிரம் என்றால், மாதச் சம்பளக்காரர் வீட்டில் அது பால் பாக்கியும் கேபிள் பாக்கியும். கும்பகோணத்து வாசகரும் மகள் காசு என்பதால்தான் போகிறார். தன் காசாக இருந்தால் நாற்று தானாகப் பச்சை திரும்பட்டும் என்று விட்டிருப்பேன் என்று சிரித்தார். போன வாரம் ஒரு நாள் அவர் ஒன்பதே காலுக்குச் சட்டை போட்டுக்கொண்டு தெருக்கோடி நூலகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு பெண், சுய உதவிக் குழுக் கடனுக்கு விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் யாரையோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். அஞ்சறைப் பெட்டியின் லேபிளை மட்டும் மனைவி கிழிக்கவில்லை. கடுகும் சீரகமும் இப்போது பேரப்பிள்ளைக்கு எழுத்துக்கூட்டப் பயன்படுகிறதாம்.

போன இதழில் 'அக்கா லீவு' 41-ஆம் பக்கம். தலைப்பும் அந்த 'அக்கா வச்சுப்பாங்க' பெண்ணே வைத்தது. அச்சாகி வந்த பிறகுதான் படித்தேன். இரண்டாவது பத்தியில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது. தலைப்பு, நான் வைத்திருக்கக்கூடியதைவிட நன்றாக இருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்